ஃபென் புதையல்: சரியான இடத்தில் நின்றும் கிடைக்காமல் போன நாட்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூன் தொடக்கத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் காட்டுப் பகுதியில் பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு வெண்கலப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது. சான்டா ஃபே நகரின் கலைப்பொருள் வணிகரும் வியட்நாம் போரில் பறந்த முன்னாள் விமானியுமான ஃபாரஸ்ட் ஃபென் மறைத்து வைத்த பெட்டி அது. எடுத்தவர் ஜாக் ஸ்டூஃப் என்ற 32 வயது மருத்துவ மாணவர். பெட்டியின் மதிப்பைக் காட்டிலும் அவர் பின்னர் எழுதிய ஒரு விவரமே என்னை இந்த ஆய்வுக்கு இழுத்து வந்தது. பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர் 2018ஆம் ஆண்டிலேயே கணித்துவிட்டார்; அந்தக் கணிப்பு சரியாகவும் இருந்தது; இருந்தும் அதே இடத்தில் 25 முழு நாட்கள் தேடி, வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் பெட்டி அவருக்குக் கிடைத்தது.

இடம் சரி, தேடியவருக்கு அறிவும் பொறுமையும் உண்டு, பொருளும் அங்கேயே இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை. ஒருவர் மறைத்து வைத்த பொருளை மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவி கொண்டு தேடும் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில் ஈடுபடுகிறவர்கள் இந்த நிலையை வாரந்தோறும் சந்திக்கிறார்கள். அவர்களுடைய பழக்கவழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, ஃபென் புதையலைத் தேடியவர்கள் அனுபவித்த விரக்தி எங்கிருந்து பிறந்தது என்பதும், விடாமுயற்சி எந்தப் புள்ளியில் பயன் தந்தது, எந்தப் புள்ளியில் உயிரைப் பறித்தது என்பதும் தெளிவாகின்றன.

பெட்டி மறைக்கப்பட்ட விதம்

1988இல் ஃபென்னுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நிலையில், தனக்குப் பிடித்தமான ஓர் இடத்துக்குப் போய், ஒரு பெட்டி நிறையப் பொன்னும் மணியும் வைத்துக்கொண்டு, அதன் அருகிலேயே உயிரை விடலாம் என்று அவர் திட்டமிட்டார். நோய் குணமாகிவிட்டது, திட்டம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. 79 அல்லது 80 வயதில் அதன் ஒரு பாதியை நிறைவேற்றி, பெட்டியை மலையில் மறைத்தார். நீளமும் அகலமும் 10 அங்குலம், உயரம் 5 அங்குலம். உள்ளிருந்த தங்கக் காசுகள், தங்கக் கட்டிகள், மரகதங்கள், பழங்கால நகைகள் எல்லாம் சேர்த்துப் பெட்டியின் எடை 42 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 19 கிலோ.

2010இல் அவர் தாமே வெளியிட்ட தன்வரலாற்று நூலில் 24 அடிகள் கொண்ட ஒரு கவிதை இருந்தது. அதில் ஒன்பது குறிப்புகள் உள்ளன என்றும், அவற்றை வரிசையாகப் பின்பற்றினால் பெட்டியை அடையலாம் என்றும் அவர் சொன்னார். வெதுவெதுப்பான நீர் நின்றுபோகும் ஓர் இடத்தில் தொடங்க வேண்டும் என்பது முதல் குறிப்பு. இறுதியில் ஓர் அடையாளத்தைக் கண்டுகொண்டால் அதன் அருகே கீழே பார்க்க வேண்டும் என்பது கடைசிக் கட்டம். பிற்காலப் பேட்டிகளில் வேறு சில தகவல்களும் வந்தன: சான்டா ஃபேக்கு வடக்கே, கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலும் 10,200 அடிக்குக் கீழும் இருக்கிறது, சுரங்கத்திலோ கல்லறைத் தோட்டத்திலோ இல்லை, ஒரே பிற்பகலில் காரிலிருந்து இரண்டு நடையாகக் கொண்டுபோய் வைத்தது. எண்பது வயதுக்காரர் இரண்டு முறை சுமந்து சென்று திரும்பக்கூடிய இடம் என்ற இந்த ஒரு தகவலே, மலைச்சரிவுகளிலும் ஆற்று வெள்ளத்திலும் தேடுவது வீண் என்று காட்டப் போதுமானதாக இருந்தது.

நியூ மெக்சிகோ, கொலராடோ, வயோமிங், மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளுக்குள் கோடைதோறும் மக்கள் கிளம்பினார்கள். மூன்றரை லட்சம் பேர் வரை தேடியிருக்கலாம் என்பது ஃபென்னின் கணிப்பு. வேலையை விட்டவர்கள் உண்டு. சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு. ஐந்து பேர் இறந்தார்கள்.

ஜியோகேச்சிங் தரும் அளவுகோல்

அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000 மே 2 அன்று நிறுத்தியது. பொதுமக்களின் கருவிகள் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருட்களைப் போட்டு வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஜியோகேச்சிங் அப்படித்தான் தொடங்கியது.

ஆயத்தொலைவுகள் கையில் இருக்கும்போது தேட என்ன இருக்கிறது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். இந்த விளையாட்டில் இடத்தைப் பாகையாகவும், கலையில் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு வரையும் குறிப்பார்கள். அட்சரேகைத் திசையில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே 1.85 மீட்டர் நகர்ந்துவிடும். மறைத்தவரின் கருவி ஐந்து மீட்டர் பிழையோடு குறித்திருக்கலாம்; தேடுபவரின் கருவியிலும் அதே அளவு பிழை இருக்கலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால் தேட வேண்டிய வட்டத்தின் ஆரம் பத்து மீட்டராகிறது. அதன் பரப்பு 314 சதுர மீட்டர். அடர்ந்த மரங்களுக்குக் கீழோ பாறைச் சுவருக்கு அருகிலோ சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால், திரையிலிருக்கும் அம்புக்குறி ஒரு நிமிடம் கிழக்கே காட்டும், நான்கு எட்டு வைத்ததும் மேற்கே திரும்பும். இதற்குள் தேட வேண்டிய பொருளோ, சில சமயங்களில், சுண்டுவிரல் நுனியளவே உள்ள உலோகக் குமிழாக இருக்கும். நானோ என்று அழைக்கப்படும் அதன் அடியில் காந்தம். உள்ளே சுருட்டி வைத்த ஒரு தாள் நறுக்கு. பாலத்தின் கைப்பிடியில் வரிசையாக இருக்கும் திருகாணிகளுக்கு நடுவே ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதன்மீது கையை வைத்துக்கொண்டே பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு.

தேர்ந்தவர்கள் அந்த வட்டத்துக்குள் வந்ததும் கருவியைப் பையில் போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு பார்ப்பது, மறைத்தவர் எங்கே நின்றிருப்பார், அவருடைய கை எங்கே எட்டியிருக்கும், வரிசையில் எந்தக் கல் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருக்கிறது என்பவற்றை. தேடல் கடினத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரையும், நிலப்பரப்பின் கடினத்தைத் தனியாக ஒன்றிலிருந்து ஐந்து வரையும் மதிப்பிட்டுச் சொல்வது அங்கே விதி. மலையேறத் தெரியாதவர் எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதை அந்த இரண்டாவது எண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஃபென் புதையலுக்கு அப்படியொரு எண் இருந்திருந்தால் அது தாழ்ந்த எண்ணாகவே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

கிடைக்கவில்லை என்பதன் பொருள்

தேடிக் கிடைக்காமல் திரும்பினால் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்பது ஜியோகேச்சிங்கின் மிகச் சிறந்த மரபு. கண்டுபிடித்தவருக்கு வரைபடத்தில் மஞ்சள் நிறச் சிரித்த முகம். கிடைக்காதவருக்கு நீல நிற வாடிய முகம். டிஎன்எஃப் (Did Not Find, கிடைக்கவில்லை) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த இரண்டாவது பதிவைப் போடப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை; அந்தப் பதிவு மற்றவர்களுக்கு ஒரு சான்று. தொடர்ந்து பலர் நீல முகம் பதிந்தால், பெட்டியை வைத்தவர் நேரில் போய்ச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். பெட்டி இருக்கிறது என்று அவர் உறுதி சொன்னால் அடுத்து வருபவர் நம்பிக்கையோடு தேடலாம். அவர் கவனிக்காமல் விட்டுவிட்டால் அந்தப் பெட்டி பட்டியலிலிருந்தே நீக்கப்படும். ஆக, தேடுபவரின் பொறுமைக்கு ஒரு எல்லையும் ஒரு பிடிமானமும் கிடைக்கின்றன.

ஃபென் தேடலில் இந்த இரண்டும் இல்லை. போட்டி என்பதால் தேடியவர்கள் எங்கே தேடினோம் என்பதை மறைத்தார்கள். ஒருவருடைய வெறுங்கை இன்னொருவருக்குப் பாடமாகவில்லை. பெட்டி இன்னும் இருக்கிறதா என்பதற்கு ஒரு முதியவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு உறுதியும் இல்லை. தேடியவர்கள் தாம் போன இடங்களை விவரித்து ஃபென்னுக்கு மின்னஞ்சல் எழுதினார்கள். அவற்றைப் படித்துவிட்டு, சிலர் பெட்டிக்கு 500 அடி தூரத்துக்குள் வந்திருக்கிறார்கள் என்றும், பின்னர் 200 அடிக்குள்ளேயே வந்திருக்கிறார்கள் என்றும் அவர் வெளியில் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. 200 அடி ஆரமுள்ள ஒரு வட்டம் ஏறத்தாழ 2.9 ஏக்கர் நிலம். மரங்களும் புதர்களும் விழுந்த கட்டைகளும் நிறைந்த அந்த 2.9 ஏக்கருக்குள் பத்து அங்குலப் பெட்டி. அந்தச் செய்தியைக் கேட்ட ஒவ்வொருவரும் அது தம்மைப் பற்றியதாக இருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. விரக்தியை இத்தனை கூர்மையாக்கியது இந்த நிலைதான் என்று நான் கருதுகிறேன். தோற்றவருக்குத் தோல்வி எந்த வகையானது என்றே தெரியவில்லை: இடம் தவறா, இடம் சரியாக இருந்தும் கண்ணுக்குப் படவில்லையா, பெட்டியே இல்லையா?

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோடு அட்லாண்டிக் கடலில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளோடு இணைந்த ஒலிக்கருவிகள் எழுப்பும் ஓசையைக் கேட்க முதல் சில வாரங்களில் கப்பல்கள் அப்பகுதியைத் துழாவின. ஓசை கேட்கவில்லை, எனவே அந்தப் பகுதியில் விமானம் இல்லை என்று கொள்ளப்பட்டது. அடுத்த கட்டத் தேடல்களும் பயன் தரவில்லை. 2011 தொடக்கத்தில் மெட்ரான் என்ற நிறுவனத்தின் கணித வல்லுநர்கள் எல்லாத் தரவுகளையும் மறுபடி எடுத்து, இரண்டு ஒலிக்கருவிகளும் பழுதாகியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஏற்கெனவே தேடி ஒதுக்கப்பட்ட பகுதிக்கே மீண்டும் அதிக நிகழ்தகவு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று, தேடல் மீண்டும் தொடங்கிய சில நாட்களிலேயே, ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. ஒரு தேடல் வெறுமையாக முடிந்தால், அது எவ்வளவு உறுதியாகக் கண்டுபிடிக்கக்கூடிய தேடலோ அந்த அளவுக்குத்தான் அந்த வெறுமைக்கு மதிப்பு.

ஸ்டூஃபின் 25 நாட்களும் இதே கட்டத்தில்தான் நின்றன. கவிதை சொல்லும் அந்த இறுதி அடையாளம் பத்தாண்டுகளில் சேதமடைந்துவிட்டிருந்தது என்று அவர் பின்னர் தெரிவித்தார். காண வேண்டிய அடையாளம் காணப்படவில்லை. இடம் தவறு என்று முடிவு கட்டி வெளியேற அதுவே போதுமான காரணமாகத் தோன்றியிருக்கும். 200 அடிக்குள் வந்தவர்களும் இப்படித்தான் திரும்பியிருக்க வேண்டும் என்று நம்ப இடமிருக்கிறது.

அவர் ஏன் திரும்பிப் போகவில்லை

அவருடைய விடாப்பிடிக்கு இருந்த அடித்தளத்தை இங்கே கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் கவிதையை விடுகதையாக எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் சொற்களைத் தேடினார்கள். எழுத்துகளை எண்ணினார்கள், ஊர்ப் பெயர்களுக்குள் மறைபொருள் கண்டார்கள். அப்படிக் கிடைக்கும் விடைக்கு எந்த இடமும் பொருந்தும்; பொருந்தாத இடமே இருக்காது. ஸ்டூஃப் ஃபென்னின் பேட்டிகளையும் எழுத்துகளையும் திரும்பத் திரும்பப் படித்து, அந்த மனிதர் எங்கே சாக விரும்பியிருப்பார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடைகள் மிகக் குறைவு. எனவே ஒரு நாள் தேடி ஒன்றும் கிடைக்காதபோது, இடம் தவறு என்பதைவிடத் தன் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்பதே நியாயமான முடிவாக அவருக்கு இருந்தது. அந்த முடிவு அடுத்த நாள் தேடலின் வடிவத்தையும் தீர்மானித்தது: புதிய பள்ளத்தாக்குக்கு ஓட வேண்டியதில்லை, அதே சிறிய பரப்பை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

அவருக்கும் மனம் உடைந்த நாட்கள் இருந்தன. சரியான இடத்தில் தேடுகிறோம் என்ற உறுதி விரக்தியைக் குறைப்பதில்லை. சில வேளைகளில் அதிகமாக்கவும் செய்யும், ஏனெனில் பழியைப் போட வேறு இடமில்லை. இரண்டு ஆண்டுகளில் அந்த 25 நாட்களைப் பிரித்துப் பிரித்துச் செலவிட்டது, இடையிடையே மீண்டும் படிப்புக்கும் யோசனைக்கும் திரும்பியது ஆகியவற்றை நான் அவருடைய தேடலின் பகுதியாகவே கொள்கிறேன்.

மறுபுறம்

விடாமுயற்சியின் மறுமுகத்தையும் எழுதாமல் விட முடியாது. 2016 ஜனவரியில் ரியோ கிராண்டே ஆற்றில் படகில் சென்ற ஒருவர் காணாமல் போனார்; மாதங்கள் கழித்தே உடல் கிடைத்தது. 2017 கோடையில் மட்டும் மூவர் இறந்தனர். அவர்களில் ஒருவர் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் செங்குத்துச் சரிவில் விழுந்தார். தேடலை நிறுத்திவிடுமாறு நியூ மெக்சிகோ மாநிலக் காவல்துறைத் தலைவர் ஃபென்னை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார், அவர் நிறுத்தவில்லை. 2020 மார்ச்சில், கொலராடோ, யூட்டா மாநிலங்களின் எல்லையில் உள்ள டைனோசர் தேசிய நினைவிடத்தின் அருகே, பனியில் சிக்கிய இரண்டு தேடல்காரர்களில் ஒருவர் இறந்தார். அதே இருவரை அதே பகுதியிலிருந்து மீட்புக் குழுவினர் ஒரு மாதம் முன்னர்தான் காப்பாற்றியிருந்தார்கள். பெட்டி கண்டெடுக்கப்பட மூன்று மாதங்கள்கூட இல்லை.

யெல்லோஸ்டோனில் இருக்கும் பழைய படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் 2019 இறுதியிலிருந்து 2020 மே வரை குழிகள் தோண்டினார். 2021இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் இல்லை என்று ஃபென் சொல்லியிருந்தார். முதியவர் ஒருவர் சுமையோடு நடக்க முடியாத இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் அவர் பலமுறை எச்சரித்திருந்தார். பனிமூடிய மலையும் செங்குத்துப் பாறையும் அந்த ஒரு வாக்கியத்திலேயே விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் தன் விடையில் ஊன்றிப்போனவருக்கு எந்த மறுப்பும் மறுப்பாகத் தெரிவதில்லை. வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு முறையும் செலவழித்த பணமும் நாளும் கூடுகின்றன, அந்தச் செலவே மறுபடி போவதற்குக் காரணமாகிவிடுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டூஃபும் இவர்களும் செய்தது ஒன்றுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அவருடைய விடை, மறைத்தவர் சொன்ன நிபந்தனைகள் எல்லாவற்றோடும் பொருந்தியது. தவறிப்போனால் என்ன இழப்பு என்பதும் நாட்களில் அளக்கக்கூடியதாக இருந்தது. மற்றவர்களின் விடை, நிபந்தனைகளில் ஒன்றையாவது ஒதுக்கி வைத்தால்தான் நின்றது. வெற்றி பெற்றவரை விடாமுயற்சிக்காரர் என்றும், இறந்தவர்களைப் பித்துப் பிடித்தவர்கள் என்றும் முடிவைப் பார்த்த பிறகு பெயரிடுவது நியாயமற்றது. தேடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது: எந்தச் செய்தி வந்தால் நான் இந்த இடத்தைக் கைவிடுவேன்? அதற்கு விடை சொல்ல முடியாதவர் மலையில் இருந்திருக்கக் கூடாது.

வெளிவராத இடம்

கண்டெடுத்தவரின் பெயர் ஒரு வழக்கின் காரணமாக 2020 டிசம்பரில் வெளிவந்தது. ஃபென் அதற்கு மூன்று மாதங்கள் முன்பே, செப்டம்பர் 7 அன்று, தமது 90ஆம் வயதில் காலமாகிவிட்டார். பெட்டியில் இருந்த பொருட்கள் 2022 டிசம்பரில் ஏலத்தில் 13 லட்சம் டாலருக்கு விற்பனையாயின. இடம் மட்டும் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் மக்கள் கூட்டம் திரண்டு, ஃபென் நேசித்த அந்த இயற்கைச் சூழலைக் கெடுத்துவிடும் என்று ஸ்டூஃப் விளக்கினார். அந்த அக்கறை உண்மையானது. 2017க்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தவர் எவரும் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் இந்த மௌனம் தேடியவர்களுக்கு இழைத்த குறை ஒன்று இருக்கிறது. ஜியோகேச்சிங்கில் ஒருவர் கண்டுபிடித்துப் பதிந்தால், அதற்குமுன் நீல முகம் பதிந்தவர்கள் எல்லோரும் மறுபடி போய்ப் பார்த்து, எங்கே தவறவிட்டோம் என்று அறிந்துகொள்ள முடியும். கடினமான பெட்டிகளில் தோற்றவர்கள் மெல்ல மெல்லத் தேர்ச்சி பெறுவது அந்த வழியாகத்தான். ஃபென் புதையலில் 200 அடி தூரத்தில் நின்றவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவே இல்லை. தங்கள் வாசிப்பு சரியா தவறா என்று தெரியாமல், பெட்டி எடுக்கப்பட்ட பிறகும் பலர் தங்கள் விடைகளையே வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். துல்லியமான இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அடையாளம் என்னவாக இருந்தது, எப்படிச் சேதமடைந்திருந்தது, 26ஆவது நாளில் அவர் வேறு எதைப் பார்த்தார் என்ற மூன்றையும் மட்டும் சொன்னாலே, பத்தாண்டுகள் தேடியவர்கள் தங்கள் வெறுங்கைக்கு ஒரு காரணம் கண்டுகொள்வார்கள். அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது என்பதே என் கருத்து.